பட்டமும் நூலும்

விளையாட்டை வீண்பொழுதுபோக்கென்று இகழ்வாருளர். ஒரு நாட்டின் மண்ணும் காற்றும் மழையும் எத்தகையன என்று அறிய விரும்புவார், அந்நாட்டுச் சிறுவர் எம்மாதத்தில் எதனை விளையாடுகின்றனர் என்று நோக்குவாராயின், அவ்விகழ்ச்சியை உடனே விடுப்பர். கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் மானாவாரி நிலத்தில் ஆனி ஆடி மாதங்களிற் சிறுவர் பறக்கவிடும் பட்டம் இதற்கு ஏற்றதோர் சான்றாகும். அப்பட்டத்தின் இயல்பையும், வரலாற்றையும், அது தரும் இன்பத்தையும், இந்நாளில் அதற்கு நேர்ந்துள்ள கேட்டையும் இக்கட்டுரைக்கண் ஒருவாறு ஆராய்வாம்.

முதற்கண் சொற்களை நோக்குவோம். பட்டம் பெறுதற்பொருட்டு நூல்களைக் கையிலேந்திச் சூத்திரங்களை மனப்பாடஞ் செய்கின்ற நாம், இம்மூன்று சொற்களும் பட்டம் விடுஞ் சிறுவர்க்கும் உரியன என்பதை எண்ணிப் பார்த்தோமில்லை. காற்றிற் பறப்பதும் பட்டம். அரசர் சூடுவதும் பட்டம். கல்லூரி வழங்குவதும் பட்டம். உழவர் விதைக்கும் பருவமும் பட்டமே. பட்டத்தைப் பிடித்திருப்பது நூல். அந்நூலைப் பட்டத்தோடு இணைக்குமாறு, குச்சிகளிற் கட்டி முக்கோணமாகக் கூட்டப்படும் கயிற்றுக்குச் சூத்திரம் என்று பெயர். வடமொழியிற் சூத்திரம் என்னுஞ் சொற்கும் நூல் என்பதே பொருள். நன்னூலாசிரியரும் நூலென்னும் பெயர்க்குக் காரணங் கூறுங்கால், சொல்லைப் பஞ்சாகவும் புலவனை நூற்கும் பெண்ணாகவும் அறிவைக் கதிராகவும் உருவகித்தமை நாம் கற்றதே. பருத்தி விளையும் நாட்டார்க்கு இவ்வுருவகம் விளக்கவேண்டுவதன்று.

இனி, கரிசல் நாட்டிற் பட்டம் ஆடியிற் பறப்பானேன்? 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது தமிழ்நாடெங்கும் வழங்கும் பழமொழி. ஆயினும் கரிசல் மானாவாரி உழவர்க்குப் புரட்டாசிப் பட்டமே முதன்மையானது. என்னை? இந்நிலத்திற்கு மழை தருவது பெரும்பாலும் ஐப்பசி கார்த்திகையிற் பெய்யும் வடகிழக்குப் பருவமழையே. ஆனி ஆடியில் எழும் தென்மேற்குப் பருவம் தன் மழையையெல்லாம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பாற் கேரளத்திற் பொழிந்துவிட்டு, மலைக்கு இப்பால் வெறுங்காற்றாய் வருகின்றது. செங்கோட்டை முதலிய கணவாய்களின் வழியே நுழையும் அக்காற்று, தடுப்பதற்கு மலையோ காடோ இல்லாத கரிசற் சமவெளியிற் புழுதி பறக்க வீசுகின்றது. அக்காலத்துப் பயிரொன்றும் இல்லாத புஞ்சைகள் உழவுபட்டோ தரிசாகவோ மழையை நோக்கிக் கிடக்கும். ஆகவே, ஓடுதற்கு வெளியும் ஏறுதற்குக் காற்றும் ஒருங்கே வாய்க்கின்றன. உழவனுக்கு மழையை மறுத்த பருவம் அவன் மகனுக்கு விளையாட்டை மறுத்திலது.

இக்காற்றின் வன்மையைச் சிறுவர் அறிந்து நெடுங்காலஞ் சென்றபின்னரே பொறியாளர் அறிந்தனர் எனலாம். 1986ஆம் ஆண்டில் இந்தியாவில் முதன்முதலாக நிறுவப்பெற்ற காற்றாலைத் தொகுதிகளுள் ஒன்று தூத்துக்குடிப் பக்கத்தது. கோவில்பட்டிக்குத் தெற்கே, வீரபாண்டியக் கட்டபொம்மன் 1799இல் தூக்கிலிடப்பெற்ற கயத்தாற்றில், இன்று காற்றாலைகளைச் சோதிக்கும் மத்திய அரசின் நிலையம் இருக்கின்றது. பனையோலையை மடித்துக் கருவேல முள்ளிற் கோத்துச் சிறுவர் சுழற்றும் காற்றாடிக்கும், வானளாவ நிற்கும் அக்காற்றாலைக்கும் உயிர் கொடுப்பது ஒரே மேல்காற்றுத்தான்.

காற்றுக்கேற்பப் பட்டத்தின் பருவமும் இடந்தோறும் மாறும். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையிற் பட்டத் திருவிழா தைப்பொங்கல் நாளில் நிகழ்கின்றது. அங்கு அப்போது வீசுவது வடகீழ்க்காற்று. கொக்குப் பட்டம், பெட்டிப் பட்டம், பிராந்துப் பட்டம் என அவர்கள் பட்டம் பலவகைப்படும். பருந்தைப் பிராந்து என்றல் அந்நாட்டு வழக்கு. வில்லொன்றில் நாரையோ நாடாவையோ இழுத்துக் கட்டிப் பட்டத்தின் தலையிற் பூட்டுவர். அதற்கு விண் என்று பெயர். காற்றுப் பட்டவுடன் அது ஊர் முழுதுங் கேட்க ஒலிக்கும். ஆங்கிலேயரும் பருந்தின் பெயராலேயே பட்டத்தை வழங்குகின்றனர். சீன மொழியிலும் 'காகிதப் பருந்து' என்று பொருள்படும் பழம்பெயர் ஒன்றுண்டு. ஒருவரையொருவர் கேளாமலே மூன்று நாட்டாரும் பட்டத்திற் பருந்தைக் கண்டமை வியக்கத்தக்கதே.

கரிசற் சிறுவர் பட்டத்திற்குச் செலவு மிகுதியாகக் கொள்வதில்லை. பழைய செய்தித்தாள் ஒன்று. விளக்குமாற்றினின்றும் உருவிய ஈர்க்கு இரண்டு. சோற்றுப் பருக்கையோ தீப்பெட்டி ஒட்டும் வீட்டுப் பசையோ சிறிது. கிழிந்த சேலையின் கரை ஒரு முழம். தையல் நூலுண்டை ஒன்று. ஒரு குச்சியை நிமிர்த்தும் மற்றொன்றை வில்லாக வளைத்தும் காகிதத்தில் ஒட்டி, சூத்திரங் கட்டி, வால் சேர்ப்பர். ஒருவன் பட்டத்தை ஏந்தி நிற்க, மற்றொருவன் காற்றை எதிர்த்து ஓடுவான். உயர எழுந்தபின், துளையிட்ட சிறு காகிதம் ஒன்றை நூலிற் கோத்துவிடுவர். அது காற்றால் உந்தப்பட்டு நூல்வழியே ஏறிப் பட்டத்தைச் சென்றடையும். இதற்குத் தந்தி என்று பெயர். இந்திய அரசின் தந்தி 2013ஆம் ஆண்டு ஜூலை மாதத்தோடு நின்றுவிட்டது. சிறுவர் தந்தி இன்னும் நிற்கவில்லை. அவர்களுக்குப் பகையென ஒன்றுண்டேல், அது வரப்பில் நிற்கும் உடைமரமேயாகும்.

பட்டம் பறத்தற்குக் காரணம் யாது? காற்றே எனப் பலரும் விடையிறுப்பர். அது பாதி விடையே. நூலறுந்த பட்டமும் அதே காற்றிலேதான் இருக்கின்றது; எனினும் தடுமாறி வீழ்கின்றது. நூலானது பட்டத்தைக் காற்றின் போக்கிற் செல்லவொட்டாமல் நிறுத்துகின்றது. சூத்திரம் அதனைச் சற்றே சாய்த்துக் காற்றுக்கு எதிர்முகமாக வைக்கின்றது. ஓடிவருங் காற்றுச் சாய்ந்த காகிதத்தால் கீழ்நோக்கித் திருப்பப்படுகின்றது; காற்றைக் கீழே தள்ளிய பட்டம் தான் மேலே தள்ளப்படுகின்றது. எழுப்பும் விசையும், பின்னே தள்ளும் விசையும், பட்டத்தின் எடையும், நூலின் இழுப்பும் தம்முட் சமனுறும்போது பட்டம் வானில் நிலைபெறும். நூல் போயின் பட்டம் காற்றோடு காற்றாய் ஓடத் தலைப்படும். எதிர்த்து நில்லாமையின் எழுச்சியும் இல்லையாம். எனவே, கீழே இழுக்கின்ற நூலே மேலே நிறுத்துகின்ற நூலுமாம் என்பது பெறப்படும்.

பட்டத்தின் வரலாறு சீனத்திலிருந்து தொடங்குகின்றது. கி.மு. 5ஆம் நூற்றாண்டினரான மோட்சு என்னும் அறிஞர் மூன்றாண்டுகள் உழைத்து மரப்பறவையொன்று செய்து பறக்கவிட்டார் என்று பழங்கதை கூறும். கி.பி. 549இல் இன்றைய நான்கிங் நகரின் அரண்மனைக் கோட்டை முற்றுகையிடப்பட்டபோது, உள்ளே அகப்பட்டோர் உதவி வேண்டும் ஓலையைக் காகிதப் பட்டத்திற் கட்டி வெளியே விட்டனர். பகைவர் அதனை எய்து வீழ்த்தினர்.

மேனாட்டார் பட்டத்தைக் கல்விக்குக் கருவியாக்கினர். 1749இல் அலெக்சாண்டர் வில்சன் என்பார் கிளாஸ்கோ நகருக்கருகே பட்டங்களில் வெப்பமானிகளைக் கட்டியனுப்பி மேல்வானத்தின் வெப்பத்தை அளந்தார். 1752இல் பெஞ்சமின் பிராங்கிளின் இடிமுகிலின் மின்சாரத்தைப் பட்டத்தின் நூல்வழியே இறக்கினார். 1848இல் நயாகரா ஆற்றின் பள்ளத்தாக்கிற்குக் குறுக்கே தொங்குபாலம் அமைக்கப் புகுந்தோர், முதற் கயிற்றை அக்கரை சேர்க்கும் வழியறியாது பட்டப் போட்டியொன்று வைத்தனர். ஓமன் வால்ஷ் என்னும் இளைஞன் பட்டம் விட்டான். முதன்முறை நூல் பனிக்கட்டியில் உராய்ந்து இற்றது. அவன் மீண்டும் முயன்று வென்றான். அவன் நூலிற் சற்றே தடித்த கயிற்றைக் கட்டி இழுத்தனர். அக்கயிற்றில் வடத்தையும், வடத்தில் இரும்புக் கம்பியையும் கட்டி இழுத்துப் பாலம் முடித்தனர். 1894இல் ஆஸ்திரேலியாவில் லாரன்ஸ் ஹார்கிரேவ் நான்கு பெட்டிப் பட்டங்களைக் கோத்துத் தம்மையே நிலத்தினின்றும் 16 அடி உயர்த்திக் கொண்டார். ரைட் உடன்பிறந்தார் 1899இல் இறகு வளைக்கும் தம் கருத்தைச் சோதித்தது பட்டத்திலேயே. 1901ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் மார்க்கோனி அட்லாண்டிக் கடலுக்கப்பாலிருந்து வந்த கம்பியில்லாக் குறிப்பொலியைக் கேட்டதும், பட்டமொன்று ஏந்தி நின்ற கம்பியின் வாயிலாகவே. இவர் யாவரும் பட்டத்தை நோக்கினரேனும், பயன் கொண்டது நூலினால் என்பதை ஓர்க.

நம் நாட்டில் லக்னோ, ஆமதாபாத், சென்னை முதலிய நகரங்களிற் பட்டப்போர் சிறந்து விளங்கிற்று. 1928இல் சைமன் குழுவினருக்கு லக்னோவில் ஜமீன்தார்கள் விருந்தளித்தபோது, 'சைமனே திரும்பிப் போ' என்று எழுதிய பட்டங்களும் பலூன்களும் விருந்து மண்டபத்தின்மீது பறந்தன. காவலர் வாயிலைக் காக்கலாம், வானத்தைக் காப்பதெங்ஙனம்?

ஆயினும் பட்டப்போரின் உயிர் பிறர் பட்டத்தை அறுத்தலில் உள்ளது. அதன்பொருட்டு நூலிற் பசையோடு கண்ணாடிப் பொடியைக் குழைத்துப் பூசுவர்; இதனை மாஞ்சா என்ப. பருத்தி நூலிற் பூசிய மாஞ்சாவே கையை அறுக்க வல்லது. அண்மைக்காலத்தில் நைலான் முதலிய செயற்கையிழைகளில் அதனைப் பூசத் தொடங்கினர். பருத்தி நூல் ஓரளவு இழுப்பில் இற்றுவிடும், மழையில் மட்கிவிடும். செயற்கையிழையோ எளிதில் இறாது, மட்கவும் செய்யாது. மரத்திலும் கம்பத்திலும் மாதக்கணக்காகக் கண்ணுக்குத் தெரியாமல் தொங்கிப் பறவைகளைச் சிக்கவைத்துக் கொல்லும். சாலையின் குறுக்கே வீழ்ந்தால் விரைந்து செல்லும் மோட்டார் சைக்கிளில் இருப்பவர் கழுத்தை அறுக்கும். 2019ஆம் ஆண்டு நவம்பரில் வடசென்னையில் தந்தையோடு மோட்டார் சைக்கிளில் சென்ற மூன்று வயதுக் குழந்தை இவ்வாறே மாண்டது. அக்குழந்தை எவ்விளையாட்டிலும் சேர்ந்ததன்று. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் நாளில் நைலான், செயற்கையிழை மாஞ்சாவை நாடெங்கும் விலக்கியிருந்தும் இஃது நிகழ்ந்தது என்பதையும் நினைத்தல் வேண்டும்.

இது பட்டணத்துக் கேடு, கரிசலுக்கு யாது என்று நாம் இருத்தல் கூடாது. கோவில்பட்டியை ஒட்டி மதுரையிலிருந்து திருநெல்வேலிக்குச் செல்லும் நான்குவழிச் சாலை வடக்குத் தெற்காகக் கிடக்கின்றது. இருப்புப்பாதையும் அவ்வாறே, 25,000 வோல்ட்டு மின்கம்பியைத் தலைமேல் தாங்கிக் கிடக்கின்றது. ஆடிக்காற்றோ மேற்கிலிருந்து கிழக்கே வீசுவது. ஆதலின், மேற்கேயுள்ள புஞ்சையில் அறுந்த பட்டத்தின் நூல் சாலையின் நெடுகே விழாது, குறுக்கேதான் விழும். அந்நூல் பருத்தியாயின் மார்பிற்பட்டு இறும். மாஞ்சா பூசிய நைலானாயின் இறுவது நூலாகாது.

பட்டப்போரை விட்டாற் பட்டத்தின் இன்பமும் போம் என்பார்க்கு யாம் கூறுவது ஒன்று. கரிசற் சிறுவர் ஈர்க்குப் பட்டத்தில் அறுத்தலில்லை, உயர்த்தலே உண்டு. எவன் பட்டம் மிகவுயர நின்றது, எவன் தந்தி முன்னே சேர்ந்தது என்பதே அவர் போட்டி. வல்வெட்டித்துறையாரும் பட்டத்தின் வடிவிலும் விண்ணின் ஓசையிலும் வெற்றி காண்கின்றனர். இவ்வின்பத்திற்குக் கண்ணாடிப் பொடி வேண்டுவதன்று.

வேண்டுவது நூல். அந்நூலுக்குக் கரிசல் நாடு எங்கும் போகவேண்டுவதில்லை. கருங்கண்ணிப் பருத்தி விளைந்த மண் இது. 19ஆம் நூற்றாண்டு முடியுமுன்னரே நூலாலை கண்ட ஊர் கோவில்பட்டி. 1901இலேயே இங்கு வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. தன் நிலத்துப் பஞ்சை விட்டுப் பிறர்க்கு இறுதி தரும் இழையை இந்நாட்டுச் சிறுவன் கையில் எடுப்பானாயின், குறை அவனதன்று. அவனுக்கு எடுத்துரையாத நம்மதே.

ஆதலின் மாணவ நண்பர்காள்! ஆடியில் ஊர் செல்லுங்கால், தம்பியர் கையிலுள்ள நூலை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். இறாத நூலாயின் அதனை விலக்கிப் பருத்தி நூலுண்டை ஒன்று வாங்கிக் கொடுங்கள். சாலைக்கும் மின்கம்பிக்கும் எட்டாத புஞ்சைக்கு அவர்களை அழைத்துச் செல்லுங்கள். அறுந்து விழுந்த நூலைத் தேடிச் சுற்றியெடுக்கப் பழக்குங்கள். சூத்திரம் கட்டும் முறை மறந்திருப்பின் அதனை அவர்களிடமே கற்றுக்கொள்ளுங்கள். அதில் அவர் நம்மினும் வல்லுநர்.