ரப்பர் கதவும் ஜெராக்ஸ் பூனையும்

டேவிட் சில்வர்மேன் 1987-லிருந்து சிம்ப்சன் குடும்பத்தை வரைந்து வந்தவர். 'ட்ரேசி உல்மன் ஷோ'வின் நடுவே துணுக்காக வந்துபோன குட்டிப் படங்களை அவரும் வெஸ் ஆர்ச்சரும் பில் காப்பும்தான் வரைந்து அசைத்தார்கள். 1989 டிசம்பரில் 'தி சிம்ப்சன்ஸ்' அரைமணி நேரத் தொடராக வந்தபோது ஒளிபரப்பான முதல் எபிசோடை இயக்கியவரும், 2007-ல் வந்த திரைப்படத்தை இயக்கியவரும் அவரே. தொடரின் எழுத்தாளர்களை வரிசையாக ஒப்பிக்கும் ரசிகர்கள் உண்டு. குரல் கொடுத்தவர்களையும் சொல்லிவிடுவார்கள். குறிப்பிட்ட ஓர் எபிசோடை இயக்கியது யார் என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். வசனமும் குரலும் முன்பே தயாராகிவிடும் கார்ட்டூனில் இயக்குநருக்கு என்ன வேலை என்ற நினைப்புதான் காரணம்.

வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது. பதிவான குரலைக் கேட்டு, பாத்திரம் எங்கே நிற்கும், எப்போது திரும்பும், எவ்வளவு நேரம் சும்மா இருக்கும் என்பதையெல்லாம் முடிவு செய்வது இயக்குநர். ஸ்டோரிபோர்டும் முக்கிய நிலைகளின் படங்களும் லாஸ் ஏஞ்சலிஸில் உருவாகும். அவற்றுக்கு நடுவே வரவேண்டிய ஆயிரக்கணக்கான இடைப்படங்களை வரைவதும் வண்ணம் தீட்டுவதும் தென் கொரியாவில். தையற்காரரிடம் அளவைக் கொடுத்துவிட்டுத் தீபாவளிக்கு முதல் நாள்வரை காத்திருப்பதுபோல, படம் திரும்பி வரும்வரை இயக்குநருக்கு நிம்மதி கிடையாது.

முதல் சட்டையே அளவு தப்பித்தான் வந்தது. முதலில் தயாரானது 'சம் என்சான்டட் ஈவினிங்' என்ற எபிசோடு. கென்ட் பட்டர்வொர்த் இயக்கியது. கொரியாவிலிருந்து வந்ததைப் போட்டுப் பார்த்தால், கதவை அறைந்து சாத்தும்போது அது ரப்பர்போல் நெளிந்தது. பழைய பாணிக் கார்ட்டூனில் அது சிரிப்புக்குரிய அழகாக இருந்திருக்கும். அப்பாவுக்கு வேலை போனால் வீட்டில் காசில்லை என்று காட்டும் தொடரில் கதவு கதவாக இருக்கவேண்டும். எபிசோடின் பெரும்பகுதியைத் திரும்பச் செய்யவேண்டியிருந்தது. தொடரின் தொடக்கமே தள்ளிப்போனது. அடுத்து வந்து சேர்ந்தது சில்வர்மேன் இயக்கிய 'பார்ட் தி ஜீனியஸ்'. அதுவும் சொதப்பியிருந்தால் தொடர் வெளிச்சத்தைப் பார்த்திருக்குமா என்பது சந்தேகம். நல்லவேளை, இதில் கதவுகள் நெளியவில்லை. பட்டர்வொர்த்தின் எபிசோடைச் செப்பனிட்டதும் சில்வர்மேன்தான். அதில் இருவர் பெயரும் இருக்கிறது.

1990 ஜனவரி 14 அன்று ஒளிபரப்பான 'பார்ட் தி ஜீனியஸ்' அவருடைய சிறந்த எபிசோடுகளில் காலத்தால் முதலாவது. சிம்ப்சன் வீட்டுப் பையன் பார்ட் வகுப்பில் ஒரு ரயில் கணக்கைப் போட முயல்கிறான். எதிரெதிரே இரண்டு ரயில்கள், வெவ்வேறு வேகம், நிலையத்துக்கு நிலையம் ஏறி இறங்கும் பயணிகள். பள்ளிக்கூடம் போன எவருக்கும் வயிற்றைக் கலக்கும் கணக்கு. கண்ணை மூடிக் கற்பனை செய்பவன் அந்த ரயிலுக்குள்ளேயே போய்ச் சிக்கிக்கொள்கிறான். டிக்கெட் பரிசோதகர் வருகிறார். கட்டணம் எவ்வளவு என்று கேட்டால், அதற்குப் பதிலாக இன்னொரு கணக்கைச் சொல்கிறார். ஒவ்வொரு காட்சித்துண்டும் முந்தையதைவிடக் குறுகிக்கொண்டே போகிறது. ஹிட்ச்காக்கின் 'தி பேர்ட்ஸ்' படத்திலும் வரும் உத்தி இது. பார்ட்டின் மூச்சு முட்டுவதைச் சொல்ல வசனமே தேவைப்படவில்லை.

1990 அக்டோபரில் இரண்டாம் சீசனைத் தொடங்கிவைத்த 'பார்ட் கெட்ஸ் ஆன் எஃப்' வேறு மாதிரியான சோதனை. முதன்முறையாக உண்மையாகவே படித்துவிட்டுத் தேர்வு எழுதும் பார்ட் 59 மதிப்பெண் எடுத்து, ஒரே ஒரு மதிப்பெண்ணில் தோற்று, ஆசிரியை முன்னால் உடைந்து அழவேண்டும். அந்த முகத்தில் இருப்பதோ இரண்டு வட்டம், இரண்டு புள்ளி, புருவம்கூடக் கிடையாது. இமைக்கோட்டைக் கொஞ்சம் இறக்கி, கருவிழிப் புள்ளியைக் கொஞ்சம் நகர்த்தித்தான் துக்கத்தைக் கொண்டுவர முடியும். கொஞ்சம் மிஞ்சினால் கேலியாகிவிடும். மிஞ்சவில்லை. 1991-ல் வந்த 'தி வே வி வாஸ்' பார்ட்டின் அப்பா ஹோமரும் அம்மா மார்ஜும் 1974-ல் பள்ளிக்கூடத்தில் சந்தித்த கதை. நல்ல எபிசோடுதான், ஆனால் அதில் எழுத்தின் கைதான் ஓங்கியிருக்கிறது.

நின்று பார்க்கவேண்டியது 1993 மே 13 அன்று வந்த 'க்ரஸ்டி கெட்ஸ் கேன்சல்டு'. ஜானி கார்சன், பெட் மிட்லர், எலிசபெத் டெய்லர் என்று பெரிய பெயர்கள் குரல் கொடுத்த எபிசோடு; அதற்காகவே அதிகம் பேசப்படுவதும். ஆனால் அதன் உச்சம் ஒரு நிமிடம்கூட ஓடாத ஒரு கார்ட்டூனுக்குள் கார்ட்டூன். புதிதாக வந்த கேபோ என்ற பொம்மை, கோமாளி க்ரஸ்டியின் பார்வையாளர்களோடு அவனுடைய பூனை-எலி கார்ட்டூனையும் பறித்துக்கொள்கிறது. வேறு வழியில்லாமல் க்ரஸ்டி கிழக்கு ஐரோப்பாவின் பூனை-எலிப் படத்தைப் போடுகிறான். படத்தின் பெயர் 'தொழிலாளியும் ஒட்டுண்ணியும்'. கிறுக்கலான இரண்டு உருவங்கள் திக்கித் திக்கி நகர்கின்றன. ஒன்றை ஒன்று துரத்துகிறதா, கூடவே நடக்கிறதா என்றே தெரியவில்லை. புரியாத பாஷையில் பேச்சு. எந்த அகராதியிலும் இல்லாத சொற்களோடு படம் முடிகிறது. படம் முடிந்ததும் வாயில் சிகரெட்டோடு க்ரஸ்டி பேந்தப் பேந்த விழிக்கிறான்.

இந்தத் துண்டுக்காகச் சில்வர்மேன் சில படங்களை ஜெராக்ஸ் எடுத்து, வேண்டுமென்றே வெட்டி வெட்டி அசைத்தார். சான்றிதழை ஜெராக்ஸ் எடுத்தவர்களுக்குத் தெரியும்: மெல்லிய கோடெல்லாம் தொலைந்து, அரசு முத்திரை கருந்திட்டாகி நிற்கும். அந்தச் சொரசொரப்புதான் இங்கே மூலதனம். திரையில் நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடுகின்றன. ஒரு படத்தை இரண்டு சட்டகத்துக்கு நிறுத்தினால் அசைவு வழுக்கிக்கொண்டு போகும். இன்னும் நீட்டி நிறுத்தினால் தடுக்கும். எங்கே தடுக்கவேண்டும் என்று தெரிந்தவர் செய்ததால்தான் அது சிரிப்பு. தாளம் தெரியாதவர் தப்பினால் அது வெறும் தப்பு.

நையாண்டி அருமையானது என்றாலும், கிழக்கு ஐரோப்பியக் கார்ட்டூன் என்றாலே இதுதான் என்று பலர் நினைத்துக்கொண்டது அநியாயம். யூகோஸ்லாவியாவின் ஜாக்ரெப் ஸ்டுடியோவில் துஷான் வுகோடிச் 1961-ல் எடுத்த 'சுரோகாட்' குறும்படம் ஆஸ்கர் வாங்கியது. அந்தப் பிரிவில் அமெரிக்கர் அல்லாத ஒருவருக்குக் கிடைத்த முதல் பரிசு அது. நிஜமாகவே கிழக்கு ஐரோப்பாவில் செய்த ஒரு பூனை-எலியும் உண்டு. ஜீன் டைட்ச் 1961, 62-ல் ப்ராக் நகரில் எடுத்த 13 'டாம் அண்ட் ஜெர்ரி' படங்கள்தான் அவை. சின்ன வயதில் தொலைக்காட்சியில் பார்க்கும்போது சில டாம் அண்ட் ஜெர்ரிகள் மட்டும் ஒரு மாதிரியாக, கிணற்றுக்குள்ளிருந்து வரும் சத்தத்தோடு இருந்தது நினைவிருந்தால், அவை பெரும்பாலும் இவைதான். அவற்றைத் திட்டித் தீர்ப்பவர்கள், அந்தக் குழுவுக்குக் கிடைத்த பணமும் நேரமும் எவ்வளவு சொற்பம் என்பதையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

1995 பிப்ரவரியில் வந்த 'ஹோமி தி க்ளௌன்' ஒரு பழைய ரகசியத்தை உடைத்துவிடுகிறது. க்ரஸ்டியின் உருவம் வேறொன்றுமில்லை, ஹோமருக்குக் கோமாளி வேஷம் போட்டதுதான். அப்பாவை மதிக்காத பையன், அப்பா சாயலில் இருக்கும் கோமாளியைக் கும்பிடுகிறான் என்பது தொடரை உருவாக்கிய மேட் க்ரோனிங்கின் ஆரம்ப யோசனை. இதில் ஹோமர் கோமாளிப் பயிற்சி எடுத்து, குட்டி சைக்கிளில் வட்டத்தடத்தில் தலைகீழாகச் சுற்றப் பார்க்கிறான். தொப்பை, தொடை, துக்கிணியூண்டு சைக்கிள் மூன்றின் எடையும் பார்ப்பவருக்குத் தனித்தனியாகத் தெரிகிறது.

அதே ஆண்டு நவம்பர் 19 அன்று வந்த 'மதர் சிம்ப்சன்' இவருடைய ஆகச் சிறந்த எபிசோடு. செத்துப்போனதாக ஹோமர் நம்பியிருந்த அவனுடைய அம்மா மோனா திரும்பி வருகிறாள். போலீஸ் தேடுவதால் மறுபடி ஓடவேண்டியிருக்கிறது. எழுதியவர் ரிச்சர்ட் அப்பெல். மோனா சிம்ப்சன் என்பது அவருடைய அப்போதைய மனைவியின் பெயர். அவர் நாவலாசிரியை, ஸ்டீவ் ஜாப்ஸின் உடன்பிறந்த சகோதரி. அம்மாவின் வண்டி போனபிறகு ஹோமர் காரின் முன்மூடியில் உட்கார்ந்து வானத்தைப் பார்க்கிறான். இருட்டுகிறது, நட்சத்திரங்கள் வருகின்றன. அவன் அசையவில்லை. பெயர்ப்பட்டியல் அந்தக் காட்சியின் மேலேயே ஓடுகிறது. கடைசியில் வரும் வழக்கமான துள்ளல் இசையும் இல்லை. அசைவை வைத்துப் பிழைக்கும் கலையில் அசையாமல் இருப்பதுதான் துணிச்சல்.

இந்தக் காட்சியை இப்போது முழுதாகப் பார்ப்பதே சிரமம். பெயர்ப்பட்டியல் தொடங்கியதும் பல ஓடிடி தளங்கள் திரையை மூலைக்குச் சுருக்கி, அடுத்த எபிசோடுக்கு எண்ணத் தொடங்கிவிடுகின்றன. ஹோமர் அம்மாவை நினைத்துக்கொண்டிருக்கும்போது அடுத்த எபிசோடு குறுக்கே வந்து நிற்கிறது. 2019-ல் ஒரு தளத்தில் இதைவிட மோசம் நடந்தது. சதுரத்துக்குப் பக்கமான பழைய படச்சட்டத்தை அகலத்திரைக்காக மேலும் கீழும் வெட்டிப் போட்டார்கள். சட்டகத்தின் ஓரத்தில் வைத்திருந்த நகைச்சுவையெல்லாம் காணாமல் போனது. ரசிகர்கள் சத்தம் போட்டபிறகுதான் 2020-ல் பழைய அளவிலும் பார்க்க வழி வந்தது. புடவையின் கரையை வெட்டிவிட்டு, உடம்புத்துணி முழுசாகத்தானே இருக்கிறது என்பதற்குச் சமம் இது.

1997 ஜனவரியில், குவாத்தமாலா மிளகாயைத் தின்ற ஹோமர் காணும் மாயக்கனவு எபிசோடை இயக்கியது ஜிம் ரியர்டன். மெழுகுவர்த்தியை உருக்கி வாயில் பூசிக்கொண்டு மிளகாயை விழுங்குகிறான் ஹோமர். ஆனால் அந்தக் கனவுப் பகுதியை அசைத்தவர் சில்வர்மேன். வழிகாட்டியாக வரும் கயோட்டி என்ற காட்டு ஓநாய்க்குக் குரல் ஜானி கேஷ். 2007-ன் திரைப்படத்தில் ஊரே தீப்பந்தத்தோடு ஹோமர் வீட்டைச் சூழும் காட்சி, அகலத்திரையைச் சரியாகப் பயன்படுத்தியதற்கு அடையாளம்.

2012-ல் அவர் எடுத்த 'தி லாங்கஸ்ட் டேகேர்' எபிசோடு அல்ல, நாலு நிமிடக் குறும்படம். ஆஸ்கர் பரிந்துரை பெற்றது. வசனமே கிடையாது. குழந்தைகள் காப்பகத்தில் சிம்ப்சன் வீட்டுக் கைக்குழந்தை மேகி ஒரு வண்ணத்துப்பூச்சியைக் காப்பாற்றப் பார்க்கிறாள். இன்னொரு குழந்தை அதை நசுக்கத் துடிக்கிறது. கடைசியில் ஜன்னல் திரை தடாலென்று விழுகிறது, எல்லாம் முடிந்தது என்று தோன்றுகிறது. மார்ஜ் வந்து மேகியைத் தூக்கிக்கொண்டு போகிறாள். நசுங்கியது மேகியின் தலை ரிப்பன். அது இருந்த இடத்தில் வண்ணத்துப்பூச்சி உட்கார்ந்திருக்கிறது.