'தௌ' என்றொரு சொல்

மனிதரைப் போலவே சொற்களுக்கும் பிறப்பு உண்டு; வாழ்வும் தாழ்வும் உண்டு. ஆங்கிலத்தில் 'நீ' என்று பொருள்படும் 'தௌ' என்னும் சொல்லே இதற்கு நல்ல சான்று. இயேசு கற்பித்த செபத்தை ஆங்கிலத்தில் சொல்லும்போது 'உமது' என்பதற்குத் 'தை' என்கிறோம் அல்லவா? அது இச்சொல்லின் வேற்றுமை வடிவமே. இன்று பேச்சில் காணாத இச்சொல் எங்கிருந்து வந்தது? எங்கே போயிற்று?

பழைய ஆங்கிலத்தில் இதன் வடிவம் 'தூ'. இலத்தீனின் 'தூ', ஜெர்மானியரின் 'டூ', வடமொழியின் 'த்வம்' யாவும் இதன் உடன்பிறப்புகள். அன்று கணக்கு எளிது. ஒருவரானால் 'தூ', பலரானால் வேறு சொல். அரசனானாலும் ஆண்டியானாலும் ஒருவர் ஒருவரே!

1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சு மொழியின் செல்வாக்கு ஓங்கியது. பெரியவர் ஒருவரையே பன்மையில் அழைக்கும் பிரெஞ்சு வழக்கம், 13ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்திலும் நுழைந்தது. பன்மைச் சொல்லாகிய 'யூ' மரியாதைச் சொல்லாயிற்று. 'தௌ' பிள்ளைகளுக்கும் ஊழியருக்கும் நெருங்கிய நண்பருக்கும் உரியதாயிற்று. அன்புக்கும் அதுவே, அவமதிப்புக்கும் அதுவே! 1603இல் சர் வால்டர் ராலே மீது இராஜத்துரோக வழக்கு நடந்தபோது, அரசு வழக்கறிஞர் எட்வர்டு கோக் வேண்டுமென்றே அவரைத் 'தௌ' என்று அழைத்து இழிவுபடுத்தினார்.

17ஆம் நூற்றாண்டின் நடுவில் குவேக்கர்கள் என்னும் கிறிஸ்தவக் குழுவினர் இவ்வேற்றுமையை எதிர்த்தனர். கடவுள்முன் யாவரும் சமம் என்று கூறி, நீதிபதியையும் செல்வரையும்கூடத் 'தௌ' என்றே விளித்தனர். அதனால் வசையும் அடியும் பெற்றனர். ஆயினும் அவர்கள் தளரவில்லை. பல மொழிகளின் ஒருமை பன்மைகளை எடுத்துக்காட்டித் தம் வழக்கை நிலைநாட்ட, அவர்களுடைய தலைவர் ஜார்ஜ் ஃபாக்ஸ் 1660இல் தோழர்களுடன் ஒரு நூலே வெளியிட்டார்!

உலகமோ வேறு வழியில் சென்றது. எவரையும் புண்படுத்தாதிருக்க, மக்கள் எல்லாரையும் 'யூ' என்று அழைக்கத் தொடங்கினர். 'தௌ' பொதுப் பேச்சிலிருந்து மறைந்தது. செபத்திலும் பழங்கவிதையிலும் வட இங்கிலாந்தின் சில வட்டார வழக்குகளிலுமே எஞ்சியது. செபத்தில் மட்டுமே கேட்பதால், அதுவே மிக உயர்ந்த மரியாதைச் சொல் என்று இன்று பலர் எண்ணுகின்றனர். தாழ்ந்த சொல் உயர்ந்த விந்தை இது!

நம் தமிழும் இவ்வழியே நடந்திருக்கிறது. பன்மையாயிருந்த 'நீர்' ஒருவரைக் குறிக்கும் மரியாதைச் சொல்லாயிற்று. பின்னர் 'நீங்கள்' என்பதும் அவ்வாறே ஆயிற்று. ஆனால் 'நீ' நம்மிடம் இன்னும் உயிரோடு இருக்கிறது. தாய் சொன்னால் அது தேன். வயது முதிர்ந்த கூலியாளைப் பார்த்துச் சிறுவர் சொன்னால் அது தேள்.

குவேக்கர்கள் எல்லாரையும் 'தௌ' என்று சொல்லிச் சமமாக்க முயன்றனர். ஆங்கிலமோ எல்லாரையும் 'யூ' என்னும் மேற்படியில் ஏற்றிச் சமமாக்கியது. தோழியரே, நமக்கு இரு சொற்கள் இருக்கின்றன. எதை எவரிடம் சொல்கிறோம் என்பதில்தான் நம் கல்வி வெளிப்படும்.