செட்டிநாட்டு வீட்டுக் கணக்கு

பணம் இருக்கும் வீட்டில் செலவுக்குக் கணக்கு எதற்கு என்று இன்று பலர் கேட்கிறார்கள். நாட்டுக்கோட்டை நகரத்தார் வீடுகளில் இந்தக் கேள்வி எழுந்ததே இல்லை. பர்மா, மலாயா, இலங்கை என்று கொண்டுவிற்றுச் சம்பாதித்த அந்தக் குடும்பங்களில் பணம் பெருகப் பெருகக் கணக்கும் இறுகியது.

அவர்களிடம் 'வேறு வைத்தல்' என்றொரு வழக்கம் உண்டு. மகனுக்குக் கல்யாணமாகிச் சில காலத்தில் தம்பதியைத் தனிக் குடித்தனம் வைத்துவிடுவார்கள். கோபித்துக்கொண்டு பிரிவதல்ல இது. அதே பெரிய வீடு, அதே முற்றம். ஆனால் தனி அறை, தனி அடுப்பு. வருஷத்துக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு பணம் என்று அளந்து கொடுத்துவிடுவார்கள். தகப்பனார் லட்சாதிபதியானாலும் அதற்குள்தான் ஓட்ட வேண்டும். வருஷ ஒதுக்கீட்டுக்குள் பாலங்களைப் பழுது பார்த்தே காலம் தள்ளிய ரயில்வேக்காரனுக்கு இந்த ஏற்பாட்டின் அருமை புரியும்!

பெண்ணுக்குத் தந்த பணத்தை அவள் பேரிலேயே வரவு வைத்து வட்டி சேர்த்தார்கள். 'ஆச்சிமார் பணம்' என்று அதற்குத் தனிப் பேரே உண்டு. லாபத்தில் ஒரு பங்கை மகமை என்று கோயிலுக்கும் தர்மத்துக்கும் முன்கூட்டியே எடுத்து வைத்தார்கள்.

இவ்வளவு சிக்கனக்காரர்கள் வீடு கட்டும்போதும் கல்யாணத்திலும் கையைத் திறந்துவிட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பர்மாத் தேக்கு, இத்தாலியச் சலவைக்கல், ஆத்தங்குடிப் பூக்கல். அந்த மாளிகைகள் பலவும் இன்று பூட்டிக் கிடக்கின்றன. அவற்றின் கதவும் தூணும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் விலைக்குக் கிடைக்கின்றன.

நிலமும் நிற்கவில்லை. 1930-களில் நெல் விலை வீழ்ந்தபோது கடனுக்கு ஈடாக வயல்கள் கைக்கு வந்தன. 1938-ல் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால் பங்கு நிலம் அவர்களுடையது. 1942-ல் ஜப்பானியர் வந்தனர். சுதந்திர பர்மா நிலத்தை நாட்டுடைமையாக்கியது. அத்தனையும் போயிற்று.

நின்றவை வேறு. 1929-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், 1937-ல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, 1947-ல் காரைக்குடியில் அழகப்பர் தொடங்கிய கல்லூரி. மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்காக அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார்.

இங்கே ஜாதவ்பூரில் நம் பிள்ளைகள் நன்றாகவே சம்பாதிக்கிறார்கள். கார், பிளாட், வெளிநாட்டுப் பயணம் எல்லாம் தவணையில் ஓடுகின்றன. குறை விழுந்தால் அப்பாவின் பி.எஃப். பணம் இருக்கிறது. கொடுக்கும்போதே தொகையை எழுதி, "இதற்கு மேல் கிடையாது" என்று சொல்ல நம்மில் எத்தனை பேருக்கு மனம் வரும்? எங்கள் வீட்டில் நான் சொன்னேன். என் மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மருமகள்தான் 8பி பஸ் நிலையத்தருகே ஒரு நோட்டு வாங்கி வந்து, பால் கணக்கிலிருந்து எழுத ஆரம்பித்தாள்.