புடைக்கும் தகடு, பிரியும் அடுக்கு

மெல்பேர்ன் நகரில் யாரா நதியின் குறுக்கே நிர்மாணிக்கப்பட்டு வந்த வெஸ்ட்கேட் பாலத்தின் 112 மீட்டர் நீளமுள்ள ஒரு கண், 1970 அக்டோபர் 15-ஆம் தேதி முற்பகல் 11.50 மணிக்குச் சரிந்து, 35 பேரின் உயிரைக் கொண்டுபோயிற்று. தனித்தனியே மேலேற்றப்பட்ட அதன் இரு பாதிகளுக்கிடையே சுமார் 11 சென்டிமீட்டர் உயர வித்தியாசம் இருக்கக் கண்டு, உயர்ந்த பாதியைத் தாழ்த்தும் பொருட்டு, ஒவ்வொன்றும் 8 டன் எடையுள்ள கான்கிரீட் கட்டிகளை அதன்மீது ஏற்றினார்கள். அந்தப் பாரம் விளைவித்த அமுக்கத்தால் எஃகுத் தகடு புடைத்து வளைந்தது. அவ்வளைவை நிமிர்த்தக் கருதி மரையாணிகளைக் கழற்றிக்கொண்டிருந்த வேளையிலேயே விபரீதம் நேர்ந்தது. எச்சரிக்கை கண்ணுக்குத் தெரிந்திருந்தும் அத்தனை உயிர்கள் மாய்ந்தனவே என்பதுதான் மனத்தை வாட்டுகிறது.

அமுக்கப்படும் மெல்லிய தகடு, நொறுங்குவதற்கு வெகு முன்னரே பக்கவாட்டில் விலகிவிடுகிறது. கனம் பாதியானால் வளைவை எதிர்க்கும் அதன் விறைப்பு எட்டில் ஒன்றாகக் குறையும். இதே ஆபத்து விமானப் பாகங்களுக்கும் உண்டு. அப்பாலத்தின் கிழக்கே, ஃபிஷர்மென்ஸ் பெண்ட் பிரதேசத்தில், கரிம இழைகளைப் பிசினால் அடுக்கடுக்காகப் பிணைத்து விமான இறக்கைப் பாகங்கள் செய்கிறார்கள். கைதவறி விழுந்த ஒரு கருவியினால் அத்தகைய பாகத்தினுள் அடுக்குகள் பிரிந்துபோனால், மேற்பரப்பில் வடு எதுவும் புலப்படாவிட்டாலும், பிரிந்த மெல்லிய அடுக்கு அமுக்கத்தில் எளிதாகப் புடைத்தெழும். அந்தப் புடைப்பே பிளவின் விளிம்பை மேலும் பிய்த்துப் பெரிதாக்கும். ஆகவேதான், செவிக்கெட்டாத ஒலியலைகளை உட்செலுத்தி, அவற்றின் எதிரொலியைக் கொண்டு உட்புறப் பிரிவுகளைத் தேடுகிறார்கள்.