பழம்பொருளால் பொலியும் மணப்பந்தல்

ஒரு பகல் நிற்கும் மேடை அலங்காரத்திற்குக் கடன்பட்டு, ஆண்டுக்கணக்கில் வட்டி கட்டும் குடும்பங்கள் நம்மிடையே பல. அழகு குறையாமல் செலவைக் குறைக்கும் வழியொன்று மீமிசலுக்கு அருகிலேயே உண்டு.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் பீங்கான் ஜாடிகளும், எனாமல் தூக்குகளும், பித்தளைத் தாம்பாளங்களும் நிறைந்திருக்கக் காணலாம். இவை பர்மா, மலாயா முதலிய நாடுகளில் பொருளீட்டிய நகரத்தார் இல்லங்களில் புழங்கியவை. 1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும், 1960களில் அங்கே தொழில்கள் அரசுடைமையானதும் அச்செல்வத்தைக் குலைத்தன. பெருவீடுகள் பாகம் பிரிந்தன, சில இடிக்கப்பட்டன, பொருள்கள் கடைக்கு வந்தன.

இவற்றுள் நாலைந்து போதும். ஜாடிகளில் தென்னம்பாளை செருகி மேடையின் இருபுறமும் வைக்கலாம். தூக்குகளில் செவ்வந்தியை நிறைக்கலாம். பழைய கண்டாங்கிச் சேலைகள் நல்ல பின்திரையாகும். புளியிட்டுத் துலக்கிய பித்தளை பொன்னென ஒளிரும்; ஆயின் ஈயம் பூசாத பித்தளையில் புளிப்பான உணவை வைத்தலாகாது.

பழையதெல்லாம் மலிவு என்று எண்ணற்க. அரியவற்றிற்கு விலை மிகுதி. அதற்கும் கடன்பட்டால் பயன் என்ன? ஆதலின் கடைக்குச் செல்லுமுன் வீட்டுப் பரணைப் பாருங்கள். பாட்டி சீராகக் கொணர்ந்த அண்டாவையும் குடத்தையும் எடைக்குப் போட்டு எவர்சில்வர் வாங்கியோர் பலர். எஞ்சியிருப்பவற்றையேனும் பேத்தியின் மணமேடையில் வையுங்கள். வாடகை அலங்காரம் மறுநாள் வண்டியேறிவிடும். பாட்டியின் குடமோ பேத்தியுடன் புகுந்த வீடு சேரும்.