மூலையில் ஒளிந்திருந்த 'ஹ'
கணனிக்கு விசைப்பலகையும் மவுஸும் வாங்கப்போகும் சகோதரிகளுக்கு

சகோதரிகளே, உங்கள் வீட்டு மடிக்கணனி எங்கே இருக்கிறது? சாப்பாட்டு மேசையிலா, கட்டிலிலா, மகளின் மடியிலா? 2020 இல் பாடசாலைகள் மூடப்பட்டு வகுப்புகள் திரைக்கு வந்தபோது, கடன்பட்டாவது ஒன்றை வாங்கிய குடும்பங்கள் எத்தனையோ. அன்று பிள்ளையின் படிப்புக்கென்று வந்த அந்தப் பெட்டி, இன்று பல வீடுகளில் உம்மாவின் கைத்தொழிலுக்கும் துணையாகிவிட்டது. கல்யாண அழைப்பிதழ் அடிப்பவர், தவணைப் பரீட்சை வினாத்தாள் தட்டச்சு செய்து கொடுப்பவர், தைத்த உடுப்புகளுக்குக் கணக்கு வைப்பவர் என்று வீட்டிலிருந்தே நாலு காசு தேடும் பெண்கள் நம்மிடையே பெருகியிருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருத்தி.

அந்தப் பெட்டியோடு வந்த விசைப்பலகை கெட்டுப்போனால்தான் வேறொன்றைப் பற்றி யோசிக்கிறோம். எனக்கும் அப்படித்தான் நடந்தது. மகன் கை தட்டி ஒரு கோப்பை தேநீர் மடிக்கணனியின் மேல் கவிழ்ந்தது. காய்ந்த பிறகு கணனி உயிர் பெற்றது. ஆனால் ஏழெட்டு விசைகள் செத்துவிட்டன. உள்ளேயிருக்கும் விசைப்பலகையை மாற்றச் சொன்ன விலையைக் கேட்டு எனக்குத் தலை சுற்றியது. "அதை ஏன் மாற்றுகிறீர்கள்? வெளியே ஒன்றைச் செருகினால் போதுமே" என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். அது நல்ல யோசனை. நான் போய் வாங்கிய பொருள்தான் கெட்ட யோசனை.

இளஞ்சிவப்பு நிறம். உள்ளங்கை இரண்டை விரித்து வைத்தால் மூடிவிடும் அளவு. விசைகளுக்குக் கீழே விளக்கு வேறு எரிந்தது. "ராத்தா, இப்ப எல்லாரும் எடுக்கிறது இதுதான்" என்றார் கடைத் தம்பி. எடுத்துக்கொண்டு வந்து விட்டேன்.

அன்றிரவு ஒரு கல்யாண அழைப்பிதழ் அடிக்க உட்கார்ந்தேன். மாப்பிள்ளை பெயர் ஹிஜாஸ், மணப்பெண் பெயர் ஷஹானா. முதல் எழுத்திலேயே கை நின்றுவிட்டது. 'ஹ' வைத் தேடினால் அந்த இடத்தில் 'எஸ்கேப்' என்ற விசை உட்கார்ந்திருந்தது!

பாமினி எழுத்துருவில் பழகியவர்களுக்கு இது உடனே விளங்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பாமினியில் ஆங்கில எழுத்துகள் இருக்கும் விசைகளிலேயே தமிழ் எழுத்துகள் உட்கார்ந்திருக்கும். 'தமிழ்' என்று அடிக்க ஜே, கே, பீ, ஓ, பிறகு அரைப்புள்ளி என்று தட்ட வேண்டும். அந்த அரைப்புள்ளிதான் நமது மெய்யெழுத்துகளின் புள்ளி. ஆங்கிலத்தில் அடிப்பவர் அந்த விசையை எப்போதாவது தொடுவார். நாமோ வரிக்கு வரி தொடுகிறோம்.

இனி ஜ, ஸ, ஷ, ஹ எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். ஜ வும் ஸ வும் வலப்பக்கம் சதுர அடைப்புக்குறிகள் இரண்டிலும் இருக்கின்றன. ஷ, என்டருக்குப் பக்கத்திலுள்ள சாய்கோட்டு விசையில். ஹ வோ, 1 என்ற இலக்கத்துக்கு இடப்பக்கம், ஓரத்து மூலையில். ஹாஜரா, ஷிஹாப், ஸஜ்னா, ஜலீல் என்று நமது வீடுகளின் பெயர்கள் பாதியும் இந்த நான்கு விசைகளில்தான் வாழ்கின்றன. விசைப்பலகையைச் சிறிதாக்க நினைக்கும் உற்பத்தியாளர் முதலில் கைவைப்பதும் இந்த ஓரங்களில்தான்! அவரைக் குறை சொல்ல முடியாது. ஆங்கிலத்தில் அவை அதிகம் தேவைப்படாதவை.

61 விசைகள் மட்டும் உள்ள அந்தச் சின்ன வகையில் 'ஹ' வுக்கு வேறொரு விசையையும் சேர்த்து அழுத்த வேண்டியிருந்தது. ஓர் அழைப்பிதழென்றால் சமாளிக்கலாம். அடுத்த வாரம் ஜமாஅத் குடும்பப் பட்டியலொன்று வந்தது. எல்லாம் பெயர்கள். இரண்டாவது பக்கத்திலேயே நான் அழாக்குறை.

ஆகவே சகோதரிகளே, கடையில் விசைப்பலகையை எடுத்ததும் விளக்கு எரிகிறதா என்று பார்க்காதீர்கள். கணனியில் செருகித் தரச் சொல்லி, உங்கள் பிள்ளைகளின் பெயர்களை அடித்துப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். அரைப்புள்ளி, அடைப்புக்குறி, சாய்கோடு, மூலை விசை ஆகியவை முழு அளவில், வழமையான இடத்தில் இருக்க வேண்டும். சில வகைகளில் என்டர் விசை பெரிதாக வளைந்திருக்கும். அவற்றில் சாய்கோடு வேறிடத்துக்குப் போயிருக்கும். அதையும் கவனியுங்கள். ஆங்கில உச்சரிப்பில் அடித்துத் தமிழை வரவழைக்கும் இளையவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்களுக்கு இளஞ்சிவப்பே போதும்.

தமிழ் எழுத்து ஒட்டிகள் வாங்குவோருக்கும் ஒரு வார்த்தை. இலங்கையில் தரமாக ஏற்கப்பட்டது ரெங்கநாதன் முறை. தமிழ்நாட்டில் 1999 இல் ஏற்கப்பட்டது தமிழ்99. எழுத்துகள் நிற்கும் இடம் வேறு வேறு. எந்த முறைக்கான ஒட்டி என்று கேளாமல் ஒட்டினால், கண் ஒன்றைக் காட்டும், திரை வேறொன்றைக் காட்டும்.

இனிக் கையைப் பற்றிப் பேசுவோம். இதற்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுத நினைத்தேன்.

பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் இம்மூன்றும் இரவில் மரத்துப்போய் நீங்கள் விழித்துக்கொண்டதுண்டா? கையை உதறினால் சற்றுச் சரியாகும். மணிக்கட்டின் ஒடுங்கிய வழியில் செல்லும் நரம்பு நெருக்கப்படுவதால் வருவது இது. 'கார்ப்பல் டனல்' என்பார்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது. கர்ப்ப காலத்தில் உடலில் நீர் கோர்ப்பதாலும் வருவதுண்டு. காரணம் எல்லோருக்கும் தட்டச்சு என்று சொல்ல முடியாது. ஆனால் மணிக்கட்டை மடக்கி வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் வேலை செய்தால் தொல்லை கூடும். எனக்கு வந்தபோது, "வயசுதானே" என்று இரண்டு மாதம் மறைத்துவிட்டேன். நீங்கள் மறைக்காதீர்கள். நல்ல விசைப்பலகை மருந்தல்ல; மரத்துப்போவது தொடர்ந்தால் வைத்தியரிடம்தான் போக வேண்டும்.

மடிக்கணனியில் திரையும் விசையும் ஒட்டிப் பிறந்தவை. விசை கைக்கு எட்டினால் திரை தாழ்ந்து கழுத்துக் குனியும். திரையைக் கண்ணுக்கு உயர்த்தினால் கை தூக்க வேண்டும். வெளியே ஒரு விசைப்பலகையும் மவுஸும் இருந்தால் இந்தச் சிக்கல் அவிழ்கிறது. மடிக்கணனியை நாலைந்து தடித்த புத்தகங்களின் மேல் ஏற்றி வையுங்கள். விசைப்பலகை மேசையில், முழங்கை உயரத்தில் இருக்கட்டும். அதன் பின்புறம் அடியில் இரண்டு சிறு கால்கள் இருக்கும். வாங்கியதும் எல்லோரும் அவற்றை விரித்து விடுகிறோம். அப்போது விசைப்பலகை சரிந்து மணிக்கட்டு மேல்நோக்கி மடங்குகிறது. மடித்தே வையுங்கள்.

வலப்பக்கம் இலக்கங்களுக்கென்று தனிப் பகுதி வேண்டுமா? கணக்கு வேலை செய்பவருக்கு அது வரப்பிரசாதம். எழுத்து மட்டும் அடிப்பவருக்கு அது வெறும் இடைஞ்சல். அதைத் தாண்டிப் போய் மவுஸைப் பிடிப்பதால் தோள் இழுபடும். அப்பகுதி இல்லாமல், மற்ற விசைகளெல்லாம் முழு அளவில் உள்ள 87 விசை வகை இருக்கிறது. எனக்கு இப்போது அதுதான்.

விசைகளின் வகையும் உண்டு. அடியில் இறப்பர்த் தாளுள்ள சாதாரண வகை விலை குறைவு, சத்தமும் குறைவு. ஒவ்வொரு விசைக்கும் தனிச் சுவிட்ச் உள்ள 'மெக்கானிக்கல்' வகை விலை கூடியது. நெடுங்காலம் உழைக்கும், விரலுக்கும் இதமானது. ஆனால் அதில் 'டக் டக்' என்று சத்தமிடும் நீலச் சுவிட்ச் வகையை, தொட்டிலில் பிள்ளை தூங்கும் வீட்டுக்குக் கொண்டு போகாதீர்கள். சிவப்புச் சுவிட்ச் கொஞ்சம் அமைதியானது. விசைகளிலுள்ள எழுத்து மேலே பூசப்பட்டதா, உள்ளே வார்க்கப்பட்டதா என்றும் நகத்தால் தடவிப் பாருங்கள். பூசியது சில மாதங்களில் மறையத் தொடங்கும்.

மவுஸுக்கு நிறத்தைவிட அளவு முக்கியம். பையில் போட வசதியென்று விற்கும் குட்டி மவுஸை விரல் நுனிகளால் கிள்ளிப் பிடிக்க வேண்டியிருக்கும். பகல் முழுதும் கிள்ளினால் கை என்னாவது? உள்ளங்கை அதன் முதுகில் சாய வேண்டும். பெட்டிக்குள் இருப்பதை வாங்காமல் வெளியே எடுத்துப் பிடித்துப் பாருங்கள். இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளைக்கு இரு பக்கமும் ஒரே வடிவமுள்ளதை எடுத்தால், பொத்தான்களை இடம் மாற்றக் கணனியிலேயே வசதியுண்டு. கைகுலுக்குவது போல் பக்கவாட்டில் பிடிக்கும் நிமிர்ந்த மவுஸும் இப்போது கிடைக்கிறது. அது முதல் வாரம் எரிச்சலூட்டும், பிறகு சிலருக்கு அதை விட மனம் வராது.

புது மவுஸ் வேலை செய்யவில்லை என்று திருப்பிக் கொடுக்கும் முன் மேசையைப் பாருங்கள். நம்மில் பலர் லேஸ் துணி விரித்து மேலே கண்ணாடி போட்டிருக்கிறோம். மவுஸின் அடியிலுள்ள ஒளி, மேற்பரப்பின் சொரசொரப்பைப் பார்த்துத்தான் அசைவை அறிகிறது. வெறும் கண்ணாடியில் அதற்குப் பார்க்க ஒன்றுமில்லை. பழைய அப்பியாசக் கொப்பியொன்றை அடியில் வைத்தால் ஓடும்.

வயரா, வயரில்லாததா? ஓரிடத்தில் இருக்கும் கணனிக்கு வயரே போதும். பற்றரி தீராது, தொலையவும் தொலையாது. வயரில்லாதவை இரு விதம். ஒன்று புளூடூத், பழைய மேசைக் கணனிகள் பலவற்றில் அது இராது. மற்றது, நகம் அளவேயான ஒரு சிறு துண்டைக் கணனியில் செருகுவது. அந்தத் துண்டு தொலைந்தால் பெரும்பாலும் மவுஸும் போயிற்று. விசைப்பலகையும் மவுஸும் சோடியாக வாங்கினால் ஒரே துண்டுதான் இரண்டுக்கும். தொலைந்தால் இரண்டுமே போயிற்று. பற்றரி மூடிக்குள் அதை வைக்க ஓர் இடம் உண்டா என்று பார்த்து வாங்குங்கள். புதிய மடிக்கணனிகள் சிலவற்றில் வழமையான யூ.எஸ்.பி. துளையே இல்லை, அதையும் வீட்டிலேயே பார்த்துக்கொண்டு போவது நல்லது.

2022 இல் ரூபா வீழ்ந்ததிலிருந்து கணனிச் சாமான்களின் விலை நமக்குச் சுடுகிறது. ஆகவே பணம் கொஞ்சமென்றால், உங்கள் கை எதில் அதிகம் இருக்கிறதோ அதற்கு முதலிடம் கொடுங்கள். தட்டச்சு செய்பவர் நல்ல விசைப்பலகையும் சாதாரண மவுஸும் எடுக்கலாம். அழைப்பிதழ் வடிவமைப்பவருக்கு மறுபக்கம். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாஸாவில் வாங்கினாலும் ஊர்க் கடையில் வாங்கினாலும் வொரண்டி எத்தனை மாதம் என்பதைப் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

என் இளஞ்சிவப்புப் பலகையை மகள் எடுத்துக்கொண்டாள். ஆங்கிலத்தில் ஒப்படை எழுத அது நன்றாயிருக்கிறதாம். அவள் பெயரிலும் ஒரு 'ஹ' இருக்கிறது; அதைத் தமிழில் அடிக்க வேண்டுமென்றால் மட்டும் என் மேசைக்கு வருவாள்.