பாட்டியின் கைரேகை ஏன் கருவிக்குத் தெரிவதில்லை?

மாணவர்களே, உங்கள் வலது பெருவிரலை வெளிச்சத்தில் சற்றுச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். வரிவரியாக மேடுகள் தெரியும். வீட்டில் தாத்தாவோ பாட்டியோ இருந்தால், அவர்களிடம் கேட்டுக்கொண்டு, அவர்களுடைய பெருவிரலையும் அதேபோல் பாருங்கள். அவர்கள் பால்மரம் வெட்டியவர்கள் என்றால் வித்தியாசம் உடனே புரியும். மேடுகள் மழுங்கியிருக்கும். குறுக்கும் நெடுக்குமாக வெள்ளைக் கோடுகள் ஓடும். சில விரல்களில் பழைய கத்திக் காயத்தின் தழும்பு, ரேகையை இரண்டாகப் பிரித்திருக்கும்.

எங்கள் சிலிம் ரிவர் பக்கம் இப்படிப்பட்ட விரல்கள் நிறைய உண்டு. இன்று சாலையோரம் செம்பனைதான் அதிகம் கண்ணில் படுகிறது. ஆனால், இங்கே எழுபது வயதைத் தாண்டிய பலர் ரப்பர் தோட்டங்களில் உழைத்தவர்கள். விடியுமுன் காட்டுக்குப் போய், மரம் வெட்டி, மங்கில் நிறைந்த பாலை வாளியில் ஊற்றி, மிச்சத்தை விரலால் வழித்து, காய்ந்த ஒட்டுப்பாலை நகத்தால் உரித்தெடுத்தவர்கள். அந்த விரலை இன்று வங்கி முகப்பில் உள்ள ரேகைக் கருவியில் வைத்தால், ‘ஒத்துப்போகவில்லை’ என்று அது சொல்லிவிடுகிறது.

இது சின்னத் தொல்லையாகத் தோன்றலாம். ஆனால், தன் பணத்தைத் தானே போய் எடுக்க முடியாதபோது, ஒருவர் அடுத்தவர் கையை எதிர்பார்க்கத் தொடங்குகிறார். முதியோரின் உரிமை, மாண்பு, சுயசார்பு என்ற பெரிய சொற்களெல்லாம் இந்த மாதிரிச் சின்ன இடங்களில்தான் காப்பாற்றப்படுகின்றன, அல்லது பறிபோகின்றன. அங்கே அறிவியலுக்கும் வேலை இருக்கிறது.

முதலில் ரேகை. நாம் தாயின் வயிற்றில் இருக்கும்போதே, ஏறக்குறைய நான்காவது மாதத்திற்குள், விரல் ரேகையின் அமைப்பு உருவாகிவிடுகிறது. அதன் அச்சு மேல்தோலுக்கும் உள்தோலுக்கும் இடையில் இருக்கிறது. அதனால் மேலே கொஞ்சம் தேய்ந்தாலும் சில வாரங்களில் அதே ரேகை மறுபடி வளர்ந்துவிடும். உள்தோல் வரை இறங்கிய வெட்டுக்காயம் மட்டும் நிலையான தழும்பாகத் தங்கிவிடும்.

வயதாகும்போது மூன்று காரியங்கள் சேர்ந்து நடக்கின்றன. தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் வேகம் குறைகிறது. கொலாஜன் குறைவதால் தோல் மெலிந்து, மேடுகள் தாழ்ந்துவிடுகின்றன. வியர்வையும் எண்ணெய்ப் பசையும் குறைந்து விரல் நுனி உலர்ந்து போகிறது. இவற்றோடு பல ஆண்டு உடலுழைப்பின் தேய்மானத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தோட்டத் தொழிலாளி மட்டுமல்ல, கட்டடத் தொழிலாளி, மீனவர், சலவைத் தொழிலாளி என்று கையால் உழைத்த எவருக்கும் இது பொருந்தும்.

இனி, கருவி எப்படி வேலை செய்கிறது? படிவம் 4 இயற்பியலில் முழு அகப் பிரதிபலிப்பு படித்தவர்களுக்கு இது எளிது. பல ரேகைக் கருவிகளில் கண்ணாடிக்கு அடியிலிருந்து ஒளி சாய்வாக மேலே வருகிறது. விரல் தொடாத இடத்தில் ஒளி முழுமையாகப் பிரதிபலித்துக் கீழே திரும்புகிறது. அங்கே படம் வெளிச்சமாக இருக்கும். மேடுகள் கண்ணாடியைத் தொடும் இடத்தில் பிரதிபலிப்பு கெட்டுப்போகிறது. அங்கே படம் இருட்டாக இருக்கும். இந்த இருட்டு வெளிச்சக் கோடுகளிலிருந்து, ரேகை எங்கே முடிகிறது, எங்கே கிளை பிரிகிறது என்று கருவி கணக்கிடுகிறது. 2001ஆம் ஆண்டு அறிமுகமான நமது மைகார்டின் சில்லில் இரண்டு பெருவிரல்களின் ரேகை விவரங்களும் பதிவாகியுள்ளன. இரண்டையும் ஒப்பிட்டுத்தான் ‘இவர் அவர்தான்’ என்று கருவி முடிவு செய்கிறது.

விரல் உலர்ந்திருந்தால் மேடு கண்ணாடியில் முழுதாக ஒட்டாது. கோடு புள்ளி புள்ளியாக உடைந்து தெரியும். மேடு தாழ்ந்திருந்தால் பள்ளமும் சேர்ந்து கண்ணாடியைத் தொடும். கோடே தெரியாது.

என் பாட்டியோடு ஒரு முறை வங்கிக்குப் போயிருந்தேன். நான்கு முறை வைத்தும் ரேகை ஒத்துப்போகவில்லை. முகப்பில் இருந்த ஊழியர் பொறுமையானவர்தான். ஆனால் ஒவ்வொரு முறையும், “இன்னும் பலமாக அழுத்தச் சொல்லுங்கள்” என்று மலாயில் என்னிடம் சொன்னார். பாட்டிக்கு மலாய் நன்றாகத் தெரியும். வெளியே வந்ததும் பாட்டி கேட்டார்: “ஐயா, என் காசு, என் கார்டு, என் விரலு. கேள்வி மட்டும் ஏன் உன்கிட்ட?”

அந்த ஊழியர் சொன்ன யோசனையும் அறிவியல்படி சரியில்லை. அளவுக்கு மீறி அழுத்தினால், தாழ்ந்த மேடுகள் இன்னும் நசுங்கிப் பள்ளத்தோடு சேர்ந்துவிடும். விரலை வெந்நீரில் கழுவித் துடைத்து, கொஞ்சம் களிம்பு தடவி, சில நிமிடம் விட்டு, கண்ணாடியையும் துடைத்துவிட்டு, விரலைத் தட்டையாக மிதமான அழுத்தத்தில் வைத்தால் வாய்ப்பு அதிகம். அதுவும் இல்லையென்றால் மற்றப் பெருவிரல் இருக்கிறது. அதற்கும் மேல், வேறு எப்படி அடையாளம் காட்டலாம் என்று கேட்க வேண்டும். கேட்பது கெஞ்சுவது ஆகாது.

மனிதரை மாற்ற முடியாதபோது கருவியை மாற்றலாம் என்பதற்கு இந்தியாவில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அங்கே ஓய்வூதியம் பெறுபவர்கள் தாம் உயிரோடு இருப்பதாக ஆண்டுதோறும் சான்று தர வேண்டும். 2014 நவம்பரில் அதை ஆதார் எண்ணின் துணையோடு மின்னியல் முறைக்குக் கொண்டு வந்தார்கள். கைரேகையோ கருவிழியோ காட்ட வேண்டும். முதிய விரல்கள் அங்கேயும் தடுமாறின. 2021 நவம்பரில் முகத்தைக் கொண்டு அடையாளம் காணும் வசதி சேர்க்கப்பட்டது. பேரப்பிள்ளையின் திறன்பேசியில் வீட்டிலிருந்தே சான்று கொடுத்துவிடலாம். ஒரு வழி அடைபட்டால் இன்னொரு வழி திறந்திருக்க வேண்டும். நல்ல வடிவமைப்பு என்று நான் சொல்வது இதைத்தான்.

பாட்டியின் கேள்விக்கு வருவோம். கேள்வி ஏன் பக்கத்தில் இருப்பவரிடம் போகிறது? கிளினிக்கிலும் இதைப் பார்த்திருப்பீர்கள். நோயாளி நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், “இவருக்கு என்ன செய்கிறது?” என்று கூட வந்த பிள்ளையிடம் கேட்பார்கள். ‘பெரியவருக்குக் காது கேட்காது, புரியாது’ என்ற எண்ணம்தான் காரணம். காது கேளாமை வேறு, புரியாமை வேறு. படிவம் 3இல் தூண்டலும் துலங்கலும் பாடத்தில் காதின் அமைப்பைப் படித்திருப்பீர்கள். உட்காதின் நத்தைக் கூட்டில் ஏறத்தாழ 16,000 மயிர்ச் செல்கள் உள்ளன. இவை ஒருமுறை அழிந்தால் மறுபடி வளர்வதில்லை. உயர் அதிர்வெண் ஒலிகளை உணரும் செல்கள் நத்தைக் கூட்டின் தொடக்கத்திலேயே இருக்கின்றன; அவைதான் பெரும்பாலும் முதலில் பழுதாகின்றன.

இதன் விளைவு வேடிக்கையானது. அ, ஆ, உ போன்ற உயிரொலிகளின் ஆற்றல் தாழ்ந்த அதிர்வெண்ணில் இருக்கிறது. க், ச், த் போன்ற வல்லின ஒலிகளைப் பிரித்தறிய உதவும் பகுதி பெரும்பாலும் உயர் அதிர்வெண்ணில் இருக்கிறது. ஆகவே தாத்தாவுக்கு நீங்கள் பேசுவது கேட்கும், ஆனால் ‘கட்டு’ என்றீர்களா, ‘தட்டு’ என்றீர்களா, ‘பட்டு’ என்றீர்களா என்று தெரியாது. கத்தினால்? உயிரொலிதான் பெரிதாகும், குழப்பம் அப்படியே இருக்கும். அதோடு, கத்துபவரின் முகம் கோபமாகத் தெரியும். எதிரே நின்று, உதடு தெரியும்படி, குரலைச் சற்றுத் தாழ்த்தி, நிறுத்தி நிதானமாகப் பேசுங்கள். தொலைக்காட்சியையும் மின்விசிறியையும் அணைத்துவிட்டுப் பேசினால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். குழந்தையிடம் கொஞ்சுவது போல மட்டும் பேச வேண்டாம். எழுபது ஆண்டு வாழ்ந்தவருக்கு அது எரிச்சலூட்டும்.

கண்ணுக்கும் இதே கதைதான். பாவை சுருங்கி, வில்லை மஞ்சளாகிப் போவதால், 60 வயதுக்காரரின் விழித்திரைக்கு, 20 வயதுக்காரருக்குக் கிடைப்பதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு ஒளிதான் போய்ச் சேருகிறது. சாம்பல் நிறப் பின்னணியில் வெளிர் நீல எழுத்து வடிவமைப்பாளருக்கு அழகாக இருக்கலாம். பாட்டிக்கு அது வெறும் தாள்.

அடுத்தது கொஞ்சம் கசப்பான விஷயம், ஏனென்றால் அது அன்பைப் பற்றியது. “நீங்க உட்காருங்க, நான் செய்றேன்” என்று நாம் எல்லாரும் சொல்கிறோம். தசை இதை வேறு மாதிரி எடுத்துக்கொள்கிறது. முப்பது வயதைத் தாண்டியதிலிருந்தே தசை மெல்ல மெல்லக் குறைகிறது. அறுபதுக்கு மேல் வேகம் கூடுகிறது. 2007இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஆரோக்கியமாக இருந்த முதியவர்கள் சிலர் 10 நாள் படுக்கையிலேயே இருந்தார்கள். அதற்குள் கால்களில் ஏறக்குறைய 1 கிலோ தசை குறைந்துவிட்டது. கடைக்கு நடந்து போவதும் தண்ணீர்க் குடத்தைத் தூக்குவதும் முதியவருக்கு உடற்பயிற்சிதான். பாதுகாப்பு என்ற பெயரில் அதை நிறுத்தினால், சில மாதங்களில் உண்மையாகவே அவரால் நடக்க முடியாமல் போகலாம். பிறகு, “பார்த்தாயா, நான் சொன்னேன் இல்லையா?” என்போம்.

முடிவெடுப்பதும் ஒரு தசை மாதிரிதான் என்று எண்ணத் தோன்றுகிறது. 1976இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் 91 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினரிடம், அறையை எப்படி வைப்பது, நேரத்தை எப்படிச் செலவிடுவது என்பதெல்லாம் உங்கள் பொறுப்பு என்றார்கள்; பிடித்த செடியை எடுத்துத் தாங்களே வளர்க்கவும் சொன்னார்கள். மற்றப் பிரிவினருக்கும் செடி கிடைத்தது. ஆனால் தண்ணீர் ஊற்றுவது முதல் எல்லாவற்றையும் பணியாளர்களே பார்த்துக்கொள்வார்கள் என்றார்கள். மூன்று வாரம் கழித்து முதல் பிரிவினரே அதிகச் சுறுசுறுப்பாக இருந்தார்கள். சிறிய ஆய்வுதான், ஒரே ஓர் ஆய்வை வைத்து உலகத்தையே அளந்துவிடக் கூடாது. ஆனாலும் எங்கள் வீட்டில் பாட்டியின் கார்டையும் மறைச்சொல்லையும் இனி தானே வைத்துக்கொள்வதாக என் மாமா சொன்னபோது, எனக்கு அந்தச் செடிதான் நினைவுக்கு வந்தது. மாமா நல்லவர், பாட்டியின் அலைச்சலைக் குறைக்கத்தான் நினைத்தார். பாட்டி கொடுக்கவில்லை. “கூட வா. ஆனா நான்தான் எடுப்பேன்” என்றார்.

இதைப் பிடிவாதம் என்று சொல்லிவிட முடியாது. ஐ.நா. பொதுச்சபை 1991 டிசம்பர் 16ஆம் நாள் முதியோருக்கான 18 கோட்பாடுகளை ஏற்றுக்கொண்டது. சுயசார்பு, பங்கேற்பு, பராமரிப்பு, தன்னிறைவு, மாண்பு என்ற ஐந்து தலைப்புகளில் அவை உள்ளன. வரிசையில் சுயசார்புதான் முதலில் நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். மலேசியா 1995இல் தேசிய முதியோர் கொள்கையை வகுத்து, 2011இல் அதைப் புதுப்பித்தது. இங்கே 60 வயதானவர் முதியோர். ஆனால் கோட்பாடு வேறு, நாடுகளைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் வேறு. குழந்தைகளுக்கு 1989 முதலும் உடற்குறையுடையோருக்கு 2006 முதலும் அப்படிப்பட்ட ஐ.நா. ஒப்பந்தம் உண்டு. முதியோருக்கு இன்னும் இல்லை. அதை எழுதத் தொடங்க ஐ.நா. மனித உரிமை மன்றம் 2025 ஏப்ரலில்தான் முடிவு செய்தது. 2030 வாக்கில் மலேசியரில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் 60 வயதைத் தாண்டியிருப்பார்கள் என்று கணிக்கிறார்கள். நீங்கள் வேலைக்குப் போகும் வயதில் முகப்பின் இந்தப் பக்கம் நீங்களும், அந்தப் பக்கம் அவர்களும் இருப்பீர்கள்.

இந்த வாரம் வீட்டில் செய்து பார்க்க ஒரு சோதனை. ஒரு பழைய மூக்குக்கண்ணாடியில் மெல்லிய மஞ்சள் பிளாஸ்டிக் தாளை ஒட்டி அணிந்துகொள்ளுங்கள். விரல் நுனிகளில் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரைச் சுற்றுங்கள். காதில் பஞ்சு வையுங்கள். அறை விளக்கில் பாதியை அணைத்துவிட்டு, திறன்பேசியில் ஓர் எண்ணைத் தேடி, ஆறு இலக்கத்தைப் பிழையில்லாமல் தட்ட எத்தனை விநாடி ஆகிறது என்று நண்பரை அளக்கச் சொல்லுங்கள். பிறகு எதுவும் அணியாமல் ஒருமுறை. இரண்டு நேரத்தையும் குறித்துக்கொண்டு தாத்தா பாட்டியிடம் காட்டுங்கள். எந்த அளவு எழுத்து வசதி என்று கேட்டு, அவர்கள் சம்மதித்தால் அவர்களின் கைப்பேசியில் அப்படியே அமைத்துக் கொடுங்கள். மறைச்சொல்லை அவர்களே தட்டட்டும். அந்த நேரம் நீங்கள் வேறு பக்கம் பார்த்து நில்லுங்கள்.